பளபளவென்று ஒரு டிஸ்க்

தங்கையின் கணவர் அந்த டிஸ்க்கை என் மேசைமேல் வைத்தபோது அது முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. அழிந்துபோன பதிவுகளை மீட்டுத் தருவதுதான் என் கடையின் பிழைப்பு. என்னிடம் வரும் டிஸ்க்குகள் கீறலோடு வரும், கறையோடு வரும். இப்படிக் குளிப்பாட்டிச் சிங்காரித்து ஒன்றும் வந்ததில்லை.

“என்ன பண்ணீங்க மாப்ள?”

“எங்க லைப்ரரில பாலிஷ் மிஷின் இருக்கில்ல மச்சான்? வர்ற வழிதானேன்னு நானே போட்டு எடுத்துட்டேன். கீறல் சுத்தமா போயிடுச்சு. ஆனா பிளேயர்ல ஒண்ணும் வரல.”

நூலகத்தில் இரவல் போய்த் திரும்பும் சிடி, டிவிடிகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. கீறல் எடுப்பதில் மன்னன்.

அந்த டிஸ்க்கில்தான் அவர்கள் மகள் இருந்தாள். நான்கு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். கேமராவும் தொலைந்துபோயிற்று, மிச்சம் இது ஒன்றுதான். பல் தேய்க்கமாட்டேன் என்று வீடெல்லாம் ஓடுவாள். கதவுக்குப் பின்னால் நின்று “அம்மா, இங்க பாரேன்” என்பாள். அங்கே கீறல், படம் நின்றுவிடும். தங்கை தினமும் அதுவரை பார்ப்பாள். நகலெடுத்துத் தருகிறேன் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், கையைவிட்டுத் தரவில்லை. இன்றைக்குத்தான் மனசு வந்து, அண்ணனிடம் கொடுங்கள் என்று அனுப்பியிருந்தாள்.

டிரைவில் போட்டேன். லேசர் முன்னும் பின்னும் துழாவி ஓய்ந்தது. டிஸ்க்கை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தேன். உள்வட்டத்தில் திட்டுத்திட்டாக வெளிச்சம் கசிந்தது. கோபத்தில் கத்திவிட்டேன்.

“சிடி வேற, இது வேற மாப்ள! சிடில பதிவு மேல, லேபிளுக்கு அடியில இருக்கு. கீழ பூரா கெட்டி பிளாஸ்டிக். டிவிடில நடுவுல. ரெண்டையும் கொஞ்சம் தேய்க்கலாம். இது புளூ-ரே. நீலமும் ஊதாவுமா ஒரு லேசர், பொடிப்பொடியா எழுதினத படிக்குது. அவ்வளவு பொடிய படிக்கணும்னா லென்ஸ் ஒட்டி வரணும். அதனால பதிவ கீழ் முகத்துக்குப் பக்கத்துலயே வெச்சிருக்கான். மூடியிருக்கறது ஒரு தாள் கனம்தான். அத நீங்க தேய்ச்சு எடுத்துட்டீங்க. பதிவும் கூடவே போச்சு.”

“திரும்ப எடுக்க…”

“முடியாது.”

இடிச்சபுளி மாதிரி உட்கார்ந்திருந்தவர் திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “ஆசையா பண்ணேன் மச்சான். இது தெரிஞ்சா அவ என் முகத்துலயே முழிக்கமாட்டா. எனக்கு இப்ப அவ மட்டும்தான் இருக்கா.”

கடைக் கதவு திறந்தது. பொறுக்கமுடியாமல் தங்கையே வந்துவிட்டாள்.

“வந்துடுச்சாண்ணா? இங்க பாரேன்னு சொல்லிட்டு என்னதான் காட்டுறா?”

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

“கை தவறிடுச்சும்மா” என்றேன். “நான்தான் கெடுத்துட்டேன். அதுல இனிமே ஒண்ணும் இல்ல.”

திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. டிஸ்க்கை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். என் பக்கமே பார்க்கவில்லை. கணவரிடம் திரும்பினாள்.

“உங்க மிஷின்லயே போட்டிருக்கலாங்க. நீங்க பண்ணியிருந்தா நல்லா வந்திருக்கும்.”

“ஆமா” என்றார் மாப்பிள்ளை.