இடப்பக்கம் ஒரு திருப்பு

மதிவதனியின் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருந்தது. பௌர்ணமி. மாலை ஐந்து மணிக்கே வாசலில் கூட்டம்.

அவளும் புனேக்காரன் ஒருவனும் ஆளுக்கு ஓர் ஆட்டம் வென்றிருந்தார்கள். கணினியில் மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. வென்றால் பெங்களூர் அணி ஒன்றில் மாதச் சம்பளம். தோற்றால் திங்கட்கிழமை வேலைக்குச் செருப்புக் கம்பெனி வேன். அப்பாவிடம் அவளே ஒப்புக்கொண்டது.

மேலிருந்து கட்டைகள் விழும். திருப்பி அடுக்க வேண்டும். நிரம்பிய வரிசை அழியும்; அழித்தவர் கணக்கில் எதிராளியின் அடுக்குக்கு அடியில் புது வரிசைகள் ஏறும். அடுக்கு உச்சியைத் தொட்டால் தோல்வி.

அவள் எதையும் வலப்பக்கமாகவே திருப்புவாள். எட்டு வயதில், மலையைச் சுற்றுவதுபோலத்தான் கட்டையையும் சுற்ற வேண்டும் என்று நினைத்தாள். யாரும் திருத்தவில்லை. இடப்பக்க விசையை ஆறு வாரமாகத்தான் பழகுகிறாள்.

"வதனி, தண்ணிப் பானை காலி. ஜனம் கேக்குது," என்றாள் அண்ணி அருணாதேவி, வாசலிலிருந்து.

"அஞ்சு நிமிஷம் அண்ணி."

"மத்தியானத்துலேர்ந்து அதே அஞ்சு நிமிஷம்தான். நடக்கிறவங்களே ஒரு சுத்து முடிச்சுட்டு வந்துட்டாங்க."

புனேக்காரன் அனுப்பிய வரிசைகள் அடுக்கை உச்சிக்குத் தள்ளின. ஒரே வழி இருந்தது. மூன்று கட்ட அகலத்தில் ஒரு பொந்து. நடுவில் பள்ளம். வலப்பக்கம் மேலே கூரை.

மூன்று கட்ட நீளத்தில், நடுவில் மூக்கு வைத்த கட்டை வந்தது. நெட்டாக நிறுத்தி, மூக்கு இடப்பக்கம் பார்க்க இறக்கினாள். இனி இடப்பக்கம் ஒரு திருப்பு. மூக்கு பள்ளத்தில் இறங்கும், மறுமுனை கூரைக்கடியில் நுழையும், இரண்டு வரிசை அழியும். இப்படித் திருப்பி நுழைத்தால் இரட்டிப்பு; அவன் தலையில் நான்கு ஏறும்.

தரை தொட்ட கட்டை அரை நொடியில் உறைந்துவிடும்.

இடது, என்றாள். வாய்விட்டே சொன்னாள்.

விரல் வலப்பக்க விசையை அழுத்தியது.

மூக்கு மேலே பார்த்தது. மறுபடி திருப்புவதற்குள் உறைந்தது. ஒரு வரிசைதான் அழிந்தது. பள்ளம் மூடிக்கொண்டது. அவன் அடுத்து அனுப்பியதற்கு மேலே இடமில்லை.

திரை இருண்டது. அவள் விரல் இடப்பக்க விசையை அழுத்தியது. மறுபடி அழுத்தியது.

பிறகு எழுந்து பானையைத் தூக்கிக்கொண்டு குழாய்க்குப் போனாள். குழாய் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் இருந்தது.

"எதிர்ல வராதம்மா, ஓரமா போ," என்றார் ஒருவர்.

ஓரமாகப் போனாள். நிரம்பிய பானையை வாசலில் இறக்கினாள்.

"வேன் எத்தனை மணிக்கு அண்ணி?"

அருணாதேவி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"காலையில அஞ்சரைக்கு."

மதிவதனி டம்ளரை எடுத்தாள். முன்னால் நீண்ட கைகளுக்கு ஊற்றத் தொடங்கினாள்.