பலகைக்குக் கீழே

ஐயர் உலக்கையை நீட்டியபோது சண்முகராசா அதை வாங்கினாரே தவிர, கண் முழுவதும் உரல் இருந்த பலகையில்தான் இருந்தது. அறையின் சரிநடு. ஒரு முழம் தள்ளிச் சவப்பெட்டிக்குள் அவர் மனைவி வசந்தமலர் கல்யாணக் கூறைச்சேலையோடு கிடந்தாள். லண்டன் மோர்டனில் இருந்த அவர்கள் வீட்டின் பின்பக்கம் அவளுக்கென்றே அவர் நீட்டிக் கட்டிய அறை அது. மகன் இல்லாத வீடு. செத்தவீட்டில் பாட்டுக்கு ஏற்ப உரலில் மஞ்சளைப் போட்டுச் சுண்ணம் இடிக்கவேண்டியவர் புருஷன்தான்.

இருபத்தாறு வருஷமாக லண்டனில் ஊரார் வீடுகளுக்கு மரத்தளம் போட்டுக் கொடுத்த மனுஷன். பலகைக்குக் கீழே மேல்மண்ணை வழித்து, வேரைப் பிடுங்கி, கெட்டித்தரை வரும்வரை வெட்டி, கொங்கிரீட் போடவேண்டும் என்று கூட வேலை செய்தவர்களை நச்சரித்தே பேர் எடுத்தவர். சொந்த வீட்டில் கோட்டை விட்டார். சுவரோரமெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். நடுவில், முந்தைய வீட்டுக்காரன் மீன்குளத்தை மூடிய இடத்தில், வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. ஒரு கிழமையாய் விடாத மழை வேறு. வியாழக்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லிவிட்டார்கள். இனி மாடி ஏற அவளால் முடியாது. ஈரமண்ணிலேயே பொலித்தீனை விரித்து, சட்டங்களைத் தாங்கும் குட்டைச்சுவரை அதன்மேல் கட்டி, பலகையால் மூடிவிட்டார். கட்டட வேலையைச் சோதிக்கக் கவுன்சில் ஆள் வந்தபோது சுவரோரத்தை மட்டும் திறந்து காட்டினார்.

இப்போது அதே பலகையின்மேல் நாற்பது பேர்.

சுண்ணப் பாட்டுத் தொடங்கியது. உலக்கையை மெல்லப் போட்டார். பலகை உள்வாங்கி மேலே வந்தது. பெட்டி இருந்த தள்ளுவண்டி ஆடியதில் அவள் தலை லேசாக அசைந்தது. இன்னும் பத்துத் தடவை இடித்தால், எல்லாரும் பார்க்க அவள் அந்தச் சேற்றுக்குள் சரிவாள். சபையில் சொல்லவும் வெட்கம், சொல்லாமல் இடிக்கவும் பயம்.

"இன்னும் பலமா இடியுங்கோ," என்றார் ஐயர்.

இரண்டாவது தடவை இடித்தபோது பலகைக்குக் கீழே எதுவோ முனகியது. வசந்தமலரின் தமையன் சபாரத்தினம், உலக்கை மெல்ல விழுகிறதே என்று உலக்கையை வாங்க வந்தார். கனத்த உடம்பு. அவர் ஓரடி வைக்க, பெட்டி மறுபடி ஆடியது.

"மச்சான், கிட்ட வராதேங்கோ," என்றார் சண்முகராசா. "கீழ மண் சரியா வெட்டேல்லை. நான்தான் வெட்டாம மூடினனான்."

பாட்டு நின்றது. மகள் சுவர்ணா அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மாவுக்குத் தெரியும் அப்பா. வந்த அண்டைக்கே ரெண்டு எட்டு நடந்து பாத்திட்டு, கட்டிலைச் சுவரோட தள்ளச் சொன்னவ. அப்பாட்டச் சொல்லாதை, மனுசன் உடைஞ்சு போயிடும் எண்டவ."

யன்னல் வெளிச்சத்துக்காகத்தான் கட்டிலை மாற்றினாள் என்று அவள் அந்த அறையில் கிடந்த ஐந்து மாதமும் அவர் நம்பியிருந்தார்.

நாலு பேர் தள்ளுவண்டியைச் சுவரோரம் உருட்டினார்கள். சண்முகராசா உரலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். அங்கே அவளுடைய கட்டில் கால்கள் அழுத்திய தடங்கள் பலகையில் அப்படியே இருந்தன. அவற்றுக்கு நடுவே உரலை வைத்து, பாட்டுத் தொடங்கும்வரை காத்திராமல் ஓங்கி இடித்தார்.