நான் போனா லிஃப்ட் விழுமா?

மகள் தேறிவிட்டாள் என்று பள்ளியிலிருந்து போன் வந்த அன்று சாயங்காலம், சாப்பாட்டுத் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் சொன்னாள்: "நான் போகல."

அவள் தேறியது வருடாந்தரப் பரீட்சையில் இல்லை. ஊரிலிருக்கும் எல்லாப் பள்ளிகளிலிருந்தும் பத்து வயதுப் பிள்ளைகளை வரவழைத்து, விதவிதமான புதிர்களைக் கொடுத்து, சட்டென்று பிடித்துக்கொள்கிறவர்களை மட்டும் பொறுக்கி எடுப்பார்கள். அவர்களுக்கு பஸ்ஸில் போகும் தூரத்தில் வேறொரு கட்டடத்தில், வேறு ஆசிரியர்கள், வேறு பாடம். மீத்திறன் வகுப்பு என்பது அதன் பெயர். பிள்ளைகள் அதற்கு மூளை கிளாஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"ஏன் போகல?" என்றேன்.

"பஸ்ல வாந்தி வரும்."

இவள் பஸ்ஸின் கடைசி சீட்டில் குலுங்கிக்கொண்டே புத்தகம் படித்து வருகிறவள்.

"வக்கீலம்மா வேணாம்னுட்டாங்க. கேஸ் முடிஞ்சுது, எல்லாரும் கலையலாம்" என்றார் அவள் அப்பா. எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்பதால் மகளுக்கு அவர் வைத்த பட்டம் அது. எனக்கு வைத்த பட்டம் ஸ்பேனர். அவர் சலூன் வைத்திருக்கிறார். நாள் முழுக்க நின்று முடிவெட்டி, பேசிக்கொண்டே இருந்துவிட்டு வருகிறவர், வீட்டில் எந்தப் பேச்சும் சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருப்பார்.

எனக்கு அப்படி முடிக்க வராது. நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டில் ஏதோ சத்தம் வருகிறது என்று கூப்பிட்டால், புதிதாக வேலைக்கு வந்தவர்கள் உடனே பலகையைக் கழற்றுவார்கள். அது தப்பு. முதலில் ஏறிப் போக வேண்டும். மேலும் கீழும் போய் வந்து, சத்தம் எந்த மாடியில் வருகிறது, ஆளோடு போகும்போதா, வெறுமனே போகும்போதா என்று காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். பழுது எப்போதும் சத்தம் வரும் இடத்தில் இருக்காது. இதைக் கண்டுபிடிக்கிற சுகம் இருக்கிறதே, அதற்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

அதனால் மகளிடமும் பலகையைக் கழற்றவில்லை. தினம் சாயங்காலம் ஒரே கேள்வி: "இன்னிக்கு என்ன கத்துக்கிட்ட?"

"பம்பரம் பின்னம் கத்துக்கிட்டான்மா." பம்பரம் என்பது அவள் வகுப்புப் பையன். ஒரு இடத்தில் உட்கார மாட்டான். "அரையும் மூணில் ஒண்ணும் கூட்டினா எவ்வளவுன்னு கேட்டா, அஞ்சில் ரெண்டுங்கறான். மேல இருக்கறதை மேலயும் கீழ இருக்கறதைக் கீழயும் கூட்டிடறான். டீச்சர் தப்பு போட்டுட்டாங்க. ஆனா அது தப்பே இல்ல."

"எப்படி?"

"அவன் ஃபுட்பால் ஆடறான்ல. ரெண்டு தடவை உதைச்சு ஒரு கோல். அப்புறம் மூணு தடவை உதைச்சு ஒரு கோல். மொத்தம் அஞ்சு தடவை உதைச்சு ரெண்டு கோல். சரிதானே? அவன் தப்பா கூட்டல, வேற கணக்கைச் சரியா போடறான். அதை அவன்கிட்ட சொன்னேன். அப்புறம் ரொட்டியை வெச்சு இந்தக் கணக்கைச் சொன்னேன். டக்குன்னு பிடிச்சுக்கிட்டான்."

தப்பான விடைக்கும் உள்ளே ஒரு யந்திரம் ஓடுகிறது, அதைக் கண்டுபிடித்தால்தான் சரிசெய்ய முடியும் என்பது எனக்கு விளங்கவே பல வருடம் ஆனது.

"சரி, அது பம்பரம் கத்துக்கிட்டது. நீ என்ன கத்துக்கிட்ட?"

யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள்.

"நான்தான் பேட்ஜ் போட்டிருக்கேனே" என்றாள்.

சத்தம் வந்தது மூளை கிளாஸில். பழுது இருந்தது அந்த பேட்ஜில். மஞ்சள் பிளாஸ்டிக்கில் 'உதவியாளர்' என்று எழுதியது. வருடத் தொடக்கத்தில் அதை அவள் சட்டையில் டீச்சர் குத்திவிட்டபோது, நான்தான் பெருமையாகப் படம் எடுத்தேன். அதற்கு என்ன பொருள் என்று கேட்கத் தோன்றவில்லை. இப்போது துருவிக் கேட்டேன். கடைசி மேசையில் கணக்கு வராத நாலு பேர். அவர்களோடு இவள். டீச்சர் முன்னால் மற்றவர்களுக்குப் பாடம் நடத்துவார். பின்னால் இவள் நடத்துவாள். கணக்குப் பாடவேளை மட்டும் இல்லை, அறிவியலும் அப்படித்தான். வருடம் முழுக்க.

"அப்ப உனக்கு யாரு நடத்தறா?"

"எனக்குத்தான் தெரியுமே."

"புதுசா?"

வேண்டாவெறுப்பாக, மிச்சமும் வந்தது. இவள் தேறிய செய்தி வந்ததும் வகுப்புக்கு முன்னால் டீச்சர் அந்த நாலு பேரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்: "இவ போயிட்டா உங்களை யாரு பார்த்துக்குவா? அவகிட்டயே கேளுங்க." மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பம்பரம் மட்டும் கேட்கவில்லை. மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டானாம்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை மூடினேன். மூடிய பிறகும் திருகினேன். உள்ளே இருந்த வாஷர் நசுங்கிக் கிழிந்தது. குழாயை எவ்வளவு திருக வேண்டும் என்று ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

"குழாய் என்ன பாவம் பண்ணிச்சு?" என்றார் அவள் அப்பா.

சொன்னேன். கேட்டுவிட்டு, "உதவி பண்றது நல்ல பழக்கம்தானே" என்றார்.

"உங்க கடைக்கு முடிவெட்ட வர்ற பையன் கையில கத்தரியைக் கொடுத்து, அடுத்து வர்றவனுக்கு நீ வெட்டுன்னு சொல்வீங்களா?"

"அது வேற."

"சாயங்காலம் வரைக்கும் வெட்டச் சொல்லிட்டு, அவனைப் பரட்டைத் தலையோடயே அனுப்புவீங்களா?"

"ஏம்மா கத்தற?"

"பரட்டைத் தலையோட வீட்டுக்கு வந்திருக்கறது நம்ம பொண்ணு. அதான் கத்தறேன்."

அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த யாருடைய முடியையோ எடுக்கத் தொடங்கினார். நான் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கோபம் வந்தால் எனக்கு விளக்க வேண்டும். யாருக்காவது, எதையாவது வைத்து.

மகளை முன்னால் நிறுத்தி, ஒரு கயிற்றை எடுத்து நாற்காலி முதுகின்மேல் போட்டேன். ஒரு முனையில் பீங்கான் கோப்பை, மறுமுனையில் உப்புப் பொட்டலம்.

"இங்க பாரு கண்ணு. லிஃப்டை மோட்டார்தான் இழுக்குதுன்னு எல்லாரும் நினைக்கறாங்க. மோட்டாருக்கு அவ்வளவு பலம் கிடையாது. பெட்டிக்கு மறுபக்கம் இந்த மாதிரி ஒரு எடை தொங்குது. கவுண்டர் வெயிட்னு சொல்வோம். பெட்டியும் அது ஏத்தற ஆளுங்கள்ல பாதிப் பேரும் சேர்ந்தா என்ன கனமோ, அவ்வளவு கனம். ரெண்டும் ஒண்ணையொண்ணு தாங்கிக்கும். மோட்டார் தள்ளறது மிச்சம் இருக்கற கொஞ்சத்தைத்தான்." விரலால் லேசாகத் தள்ளினேன். கோப்பை அழகாக மேலே போனது. "பார்த்தியா? பெட்டி மேல போகும்போது எடை கீழ போகுது. அது இருக்கறதே யாருக்கும் தெரியாது. உங்க டீச்சர் மோட்டார். அந்தப் பெட்டியில உன் கிளாஸ். நீ யாரு தெரியுதா? அவங்க ஏற ஏற நீ இறங்கிட்டிருக்க!"

நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று இருந்தது. இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

மகள் கயிற்றைப் பார்த்தாள். உப்புப் பொட்டலத்தைப் பார்த்தாள். கையை நீட்டிப் பொட்டலத்தை உருவி எடுத்தாள். கோப்பை தரையில் விழுந்து காது உடைந்தது.

"நான் போனா லிஃப்ட் விழுமா?"

நான் உடைந்த கோப்பையைப் பார்த்தேன்.

"அதைத்தானே நானும் சொல்றேன்! அதனாலதான் போகலைங்கறேன்! உனக்கே தெரியுது, அப்புறம் ஏன் என்னைப் போட்டு நோண்டற?" முகம் சிவந்து கத்தினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டி ஆடி நின்றது.

அவர் குனிந்து பீங்கான் துண்டுகளைப் பொறுக்கினார். "நல்லா விளக்கினே ஸ்பேனர்" என்றார்.

மறுநாள் ஓர் அலுவலகக் கட்டடத்தில், லிஃப்ட் பெட்டிக்கு அடியில் பள்ளத்துக்குள் நின்று, அழுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டிருந்தது எதை என்று உறைத்தபோது என்மேலேயே எரிச்சல் வந்தது. பாதியை மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்! சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் அறை வாசலில் போய் நின்றேன்.

"லிஃப்ட் விழாது" என்றேன்.

"மறுபடியுமா?" என்றது அப்பாவின் குரல், கூடத்திலிருந்து.

"கேளு. எல்லாக் கயிறும் அறுந்தாக்கூட விழாது. பெட்டிக்கு அடியில ரெண்டு பக்கமும் இரும்பு ஆப்பு இருக்கு. வேகம் அளவுக்கு மிஞ்சினா அது தானா எழும்பி, ரெண்டு பக்கமும் இருக்கற தண்டவாளத்தைக் கவ்விக்கும். பெட்டி அப்படியே நின்னுடும். அந்த ஆப்பு இல்லாம ஒரு லிஃப்டை ஓட்ட எங்களை விடவே மாட்டாங்க. கயிறு அறுந்தா என்ன பண்றதுன்னு முதல்லயே யோசிச்சு வெச்சுட்டுத்தான் ஆளையே ஏத்தணும்."

கட்டிலில் கவிழ்ந்து படுத்திருந்தவள் தலையை மட்டும் திருப்பினாள். "எங்க கிளாஸ்ல அந்த ஆப்பு எங்க இருக்கு?"

"இல்ல. அதனாலதான் எனக்குக் கோபம். ஆப்பு வைக்க வேண்டிய இடத்துல பத்து வயசுப் பிள்ளையைச் செருகி வெச்சிருக்காங்க. அந்த நாலு பேரும் உன் பொறுப்பு இல்லடி."

"அப்ப யார் பொறுப்பு?"

"டீச்சர். அவங்களுக்கு மேல பள்ளிக்கூடம்."

"அப்ப அங்க போய்க் கத்து. எங்கிட்ட ஏன் கத்தற?"

போனேன். மறுநாள் பள்ளி விட்டபின், அவளை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு வகுப்புக்குள் நுழைந்தேன். டீச்சர் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். தொண்டை கட்டியிருந்தது.

"என் பொண்ணுக்கு இந்த வருஷம் புதுசா என்ன சொல்லிக் கொடுத்தீங்க?"

"பொறுமை. விட்டுக்கொடுக்கறது. அது முக்கியம் இல்லையா?"

"நான் கணக்கைக் கேட்டேன் டீச்சர்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நாற்பது பேர். நான் ஒருத்தி. வெச்சு நடத்திப் பாருங்க, தெரியும்."

"அதுக்குக் குழந்தையையா வேலைக்கு வைப்பீங்க? இவ போயிட்டா உங்களை யாரு பார்த்துக்குவான்னு கேட்டீங்களாமே. அந்தக் கேள்வியை உங்களைப் பார்த்துல்ல கேட்டிருக்கணும்?"

"கேட்டேன்! தினம் கேட்டுக்கறேன்!" கட்டிய தொண்டையில் குரல் கீறியது. "இன்னொரு ஆள் போடுங்கன்னு ஹெட்மாஸ்டர்கிட்ட போய் நின்னு நின்னு எனக்குக் கால் தேஞ்சுபோச்சு. வருஷா வருஷம் நல்லா படிக்கறதுகளாப் பார்த்து அள்ளிட்டுப் போறாங்க. அப்புறம் உங்க கிளாஸ் ஏன் மட்டமா இருக்குன்னு என்னையே கேட்கறாங்க. நீங்க ஒருத்தியைக் கூட்டிட்டுப் போயிடுவீங்க. நான் இங்கதான் இருக்கணும்."

அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்தும் என் கோபம் ஒரு துளியும் குறையவில்லை, கூடத்தான் செய்தது. சுமை இவர் தலையில் விழுந்தது அநியாயம். ஆனால் இவர் அதை இறக்கி வைத்தது என் மகள் தலையில்.

"நாளைக்கு ஹெட்மாஸ்டர்கிட்ட நானும் வர்றேன். என் பொண்ணுக்காக இல்ல, அந்த நாலு பேருக்காக" என்றேன்.

"வாங்க, வராம இருங்க, உங்க இஷ்டம்" என்று கையை வீசினார். "அவளைக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு வேற வழி இருக்கு. ரெட்டைச் சடை போட்ட பொண்ணு ஒருத்தி இருக்கா, அவளும் கணக்கைச் சீக்கிரம் முடிச்சிடுவா. பேட்ஜை அவளுக்குக் குத்திவிட்டுடறேன்."

கதவு சுவரில் மோதித் திறந்தது. மகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ.

"ரெட்டைச் சடைக்கா? அவளுக்கு வகுத்தலே இப்பதான் வருது, டீச்சர். அவ அங்க உட்கார்ந்தா, அவ எப்பப் படிப்பா?"

"பெரியவங்க பேசும்போது உள்ள வரக்கூடாது. பேட்ஜைக் கொடு."

மகள் பேட்ஜைக் கழற்றினாள். டீச்சர் கையை நீட்டினார். மகள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"தரமாட்டேன்."

"அது ஸ்கூல் பொருள்."

"நான் மூளை கிளாஸுக்குப் போறேன். ஆனா இதைத் தரமாட்டேன். பம்பரத்துக்குக் கோல் கணக்குல சொல்லுங்க, புரிஞ்சுக்குவான். நீங்க சொல்லுங்க. ரெட்டைச் சடை இல்ல, நீங்க!"

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டாள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். "இதான் நீங்க வளர்த்த லட்சணமா?"

"ஆமா" என்றேன். "நாளைக்கு ஹெட்மாஸ்டர் ரூம்ல பார்க்கலாம்."

தெருவில் அவளை எட்டிப்பிடிக்க நான் ஓட வேண்டியிருந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு, எதிரே வருகிறவர்கள் ஒதுங்கும்படி நடந்துகொண்டிருந்தாள். கை இன்னும் மூடியே இருந்தது. ஊசி குத்தியிருக்கும். திறந்து காட்டச் சொன்னேன். காட்டவில்லை.

திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று ஒரு தாய் சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. ஆனால் விஷயத்தை விளக்காமலும் என்னால் இருக்க முடியாதே.

"ஒண்ணு சொல்றேன் கேளு. அது வெறும் பிளாஸ்டிக். கடையில போய் வேற ஒண்ணு வாங்கிக்குவாங்க."

"வாங்கட்டும்" என்றாள், நிற்காமல். "அதைத் தொலைச்சுடுன்னு ரெட்டைச் சடைகிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்."