ஒரே ஒரு வெள்ளைப் பூ

மண்ணரை சித்ரகலா எடுத்தால் சிவப்புப் பூதான் வரும். எங்கள் பக்கம் கல்யாணமோ போர்வெல்லோ, அம்மனிடம் பூ கேட்காமல் ஆரம்பிக்க மாட்டோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. எடுத்தது வெள்ளையென்றால் செய்யலாம், சிவப்பென்றால் வேண்டாம். அதில் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று நிரூபிக்கத்தான் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் நிகழ்தகவு ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். அவளுடைய கைடு பிரபாகர் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே தன் கையால் மடித்து வைத்துப் பார்த்தார். அவள் பிரித்தபோது சிவப்பு. “எல்லாமே சிவப்புன்னா எவன்மா நம்புவான்? ஒரு வெள்ளையாச்சும் கொண்டா, தீசிஸ்ல கையெழுத்துப் போடறேன்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். வருசங்கள் ஓடின, வெள்ளை வந்தபாடில்லை.

ஊர்க்காரர்களுக்கு அவள் அருமை நன்றாகப் புரிந்தது. முடியாது என்று சொல்ல வாய் கூசுகிறவர்கள் அவளை அழைத்துப் பூ எடுக்க வைத்து, பழியை அம்மன் தலையில் போட்டார்கள்.

அம்மா மாரக்காளுக்கு இதயத்தில் ஆபரேசன் என்று டாக்டர் சொன்னபோது, பனியன் கம்பெனி வைத்திருந்த அண்ணன் சசிகுமாருக்குக் கிறிஸ்துமஸ் ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. “அம்மன் சொல்றபடி செய்யலாம். நீயே எடு கண்ணு” என்றான், கல்நெஞ்சக்காரன். அவள் படித்தவள் அல்லவா! பூசாரி, பங்காளிகள் எல்லோர் முன்னாலும், “இந்தத் தடவ சிவப்பு வந்தா ஆபரேசனுங்க, வெள்ளை வந்தா வேண்டாமுங்க” என்று மாற்றிச் சொன்னாள். அண்ணன் முகம் செத்துப்போனது. பொட்டலத்தைப் பிரித்தாள். வெள்ளை.

“இல்லீங்க, இன்னொருக்கா எடுக்கறனுங்க” என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். அம்மனிடம் இரண்டாம் தடவை கேட்கிற வழக்கம் இல்லை. “உடு கண்ணு, ஆத்தாளே சொல்லிப்போட்டா” என்று மாரக்காளே மகளைத் தேற்றினாள். அண்ணனின் கிறிஸ்துமஸ் சரக்குக் கண்டெய்னர் கிளம்பிய அன்று செத்துப்போனாள்.

துக்கம் கேட்க வந்த பிரபாகர் மாலையைப் போட்டுவிட்டு, “அந்த வெள்ளையக் கணக்குல சேத்துட்டியாம்மா?” என்றார். சேர்த்தாள், பாவம், வேறென்ன செய்வாள்? கையெழுத்து ஆயிற்று. இப்போது டாக்டர் சித்ரகலா அதே துறையில் பாடம் நடத்துகிறாள். மறுபடி வெள்ளை வந்ததில்லை. வருசா வருசம் அம்மா திதியன்று கோயிலுக்குப் போய், “எம்மேல தப்பில்லைன்னா வெள்ளை குடு ஆத்தா” என்று ஒரு பொட்டலம் எடுக்கிறாள். வந்த சிவப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு யுனிவர்சிட்டி பஸ்ஸுக்கு நிற்கிறாள்.