நாக்கு சொன்னால் சரி

அந்த நால்வர் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் நகரத்தில் இதுவரை கால் வைக்காத ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போக வேண்டும். தட்டு வந்ததும் முதல் வாயை நாக்குதான் எடுத்து வைப்பான். அவன் தீர்ப்புச் சொல்லும்வரை மற்ற மூவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பசி வயிற்றைக் கிள்ளினாலும் இதில் மாற்றம் கிடையாது.

நாக்கு என்பது நண்பர்கள் வைத்த பெயர். சும்மா வைக்கவில்லை. ஒரு கரண்டி சூப்பை வாயில் விட்டால் போதும், வெங்காயம் சரியாக வதங்கியதா, நேற்றைய மீதியை இன்றைக்குக் கலந்திருக்கிறார்களா, சமையல்காரருக்கு இன்று மனைவியோடு சண்டையா என்பதுவரை சொல்லிவிடுவான். மற்றபடி ஆள் எப்படி என்றால், கூரியர் ஆபீசில் பார்சல் பிரித்துப் போடுகிறவன். படிப்பு சுமார். பேச்சும் சுமார்தான். இருந்த ஒரே சொத்து அந்த நாக்கு.

அந்தச் சொத்துதான் நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு வாரக் காய்ச்சலோடு போய்விட்டது. காய்ச்சல் விட்ட மறுநாள் காபி குடித்தான், வெந்நீராக இறங்கியது. ஆரஞ்சுச் சுளையைக் கடித்தான், ஈரத் துணியைக் கடித்த மாதிரி இருந்தது. மூக்கும் கூடவே போய்விட்டது. சூடு தெரிந்தது, மிளகு போட்டால் சுரீரென்று ஏறுவது தெரிந்தது. அவ்வளவுதான். டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “வந்தாலும் வரும், வராமலும் போகலாம்” என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு?

நண்பர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். முதல் வாரம் வெட்கமாக இருந்தது, அடுத்த வாரம் பயமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. போகப்போகிற கடையைப் பற்றி யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று முதல் நாளே செல்போனில் படித்து மனப்பாடம் செய்துகொள்வான். பக்கத்து மேசையில் எந்தத் தட்டு மீதியோடு திரும்புகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வான். பிறகு கண்ணை மூடிச் சப்புக்கொட்டி, “உப்பு ஒரு கல்லு தூக்கல்” என்பான். மூன்று தலைகளும் ஆடும். ஒருத்தருக்காவது சந்தேகம் வர வேண்டுமே, வரவில்லை.

இப்படியே வண்டி ஓடியிருக்கும், சட்டி மட்டும் கடை வைக்காமல் இருந்திருந்தால்.

நால்வரில் சமைக்கத் தெரிந்தவன் சட்டி. போன மாதம் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, அப்பாவோடு பேச்சையும் முறித்துக்கொண்டு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஆறு மேசை போடுகிற அளவுக்கு ஓர் இடம் பிடித்தான். காளான் சூப்பும் ரொட்டியும்தான் அவன் கைப்பக்குவம். வேலையை விடுவதற்கு முன்பு நாக்கை வீட்டுக்குக் கூப்பிட்டு, ஒரு கிண்ணம் சூப்பைக் கையில் கொடுத்து, “விடலாமாடா?” என்று கேட்டான். நாக்கு கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, “கண்ணை மூடிக்கிட்டு விடு” என்றான். வேறு என்ன சொல்வான் பாவி?

ஞாயிறு மதியம் கடை திறப்பு. சனிக்கிழமை சாயங்காலமே நால்வரும் அங்கே கூடினார்கள். டீச்சர் பாலர் பள்ளியிலிருந்து நேராக வந்திருந்தாள், விரலில் இன்னும் சாக்பீஸ் தூள். வீடு வீடாகப் போய் மின்கணக்கு எடுக்கும் மீட்டர், நாற்காலி ஆடுகிறதா என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். சட்டி கிண்ணத்தை நாக்கின் முன்னால் வைத்தான்.

“காலையிலேருந்து அடுப்புகிட்டயே நின்னு என் மூக்கு செத்துப்போச்சுடா. எனக்கு ஒண்ணும் பிடிபடல. வீட்டுல சின்னப் பாத்திரத்துல செஞ்சது, இங்க பெரிய அண்டா. நீ சொல்லு. சரியில்லன்னா உட்கார்ந்து மாத்திடுறேன்.”

திறக்காத கடையைப் பற்றி எவன் எழுதியிருப்பான்? பக்கத்து மேசையில் யாருமில்லை. டீச்சரும் மீட்டரும் கையைக் கட்டிக்கொண்டு அவன் வாயையே பார்த்தார்கள். இப்போது சொல்லிவிடலாம், இதுதான் நேரம் என்று நினைத்தான். நிமிர்ந்தால் சட்டி ஏப்ரன் நுனியைக் கசக்கிக்கொண்டு நிற்கிறான்.

ஒரு கரண்டி வாயில் விட்டான். சூடு. கொஞ்சம் மிளகு. சூப்பின் நிறம் வழக்கத்தைவிடக் கறுத்திருந்ததைக் கண்ணால் பார்த்தான். அதைப் பிடித்துக்கொண்டான்.

“லேசா ஒரு புகை வாசனை அடியில நிக்குது பாரு, அதுதான்டா விஷயம். இது வேற எந்தக் கடையிலயும் கிடையாது.”

டீச்சர் ஒரு வாய் குடித்துவிட்டு மீட்டரைப் பார்த்தாள். மீட்டர் கிண்ணத்துக்குள் பார்த்தான்.

“ஆமா, புகை வாசனை இருக்கு” என்றாள் டீச்சர் மெதுவாக.

“நாக்கு சொன்னா சரிதான்” என்றான் மீட்டர்.

சட்டி நாக்கின் தோளில் முகத்தை வைத்து அழுதேவிட்டான்.

மறுநாள் மதியம் ஆறு மேசையும் நிறைந்து, வாசலில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நாக்கு கிண்ணம் எடுக்கும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். முதல் கிண்ணம் முக்கால்வாசி அப்படியே வந்தது. அடுத்ததில் ஒரு கரண்டிதான் குறைந்திருந்தது. அதற்கடுத்ததில் ரொட்டியை மட்டும் பிய்த்துத் தின்றிருந்தார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் எழுந்து வந்து, கோபமே இல்லாமல், “அடிப்பிடிச்ச வாடை அடிக்குதுங்க, வாயில வைக்க முடியல” என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசலில் நின்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு மணிக்கு ஈ ஓட்ட ஆரம்பித்தாயிற்று.

நாக்கு டீச்சரை ஓரமாக இழுத்துப்போனான். “நேத்தும் இப்படித்தான் இருந்துச்சா?”

“நேத்தும் கொஞ்சம் தீஞ்ச வாடை இருந்துச்சு. எனக்குத்தான் ரசனை போதலன்னு நினைச்சேன். நீயே சொல்லிட்டியே. ஆனா இன்னிக்கு ரொம்ப மோசம்.”

அவன் சமையலறைக்குள் போனான். சட்டி இரண்டாவது அண்டாவின் முன்னால் கரண்டியைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றான்.

“சூப்பு அடிப்பிடிச்சிருக்குடா” என்றான் நாக்கு.

“தெரியும். நான்தான் விட்டேன். நேத்து தெரியாம கொஞ்சம் பிடிச்சுது, அதைத்தானே நீ தூக்கி வச்சுப் பேசின? இன்னிக்கு இன்னும் நல்லா ஏறட்டும்னு கிண்டாம விட்டேன். ஜனங்களுக்குப் பழகல, பழகிடும்.”

நாக்கு இன்னும் கிட்டே போனான்.

“எனக்கு ருசியே தெரியாதுடா. காய்ச்சல் வந்ததுலேருந்து. வாசனையும் கிடையாது. நாலு மாசமா சும்மா சொல்லிக்கிட்டிருக்கேன்.”

சட்டி சிரித்தான். “பழியை உன் தலையில போட்டுக்கிட்டா என் மனசு ஆறிடும்னு பார்க்கிற. போடா. இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு, புகை போதுமா?” என்று கரண்டியை நீட்டினான்.

அந்தக் கரண்டியைப் பார்த்ததும் நாக்குக்கு அழுகை முட்டியது. நிஜத்தைச் சொன்னாலும் எடுபடவில்லையே, இனி என்னதான் செய்வான்? அலமாரியிலிருந்து கல்லுப்பு ஜாடியை எடுத்தான். கை நிறைய அள்ளி வாயில் போட்டு மென்றான். கறகறவென்று சத்தம் கேட்டது. முகம் சுளிக்கவில்லை, கண் சுருங்கவில்லை. விழுங்கினான். இன்னொரு கை அள்ளிப் போட்டு மென்றான்.

சட்டி பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தான். நாக்கின் முகத்தையே பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அண்டாவின் ஓரத்தில் புகை கிளம்பியது. இருவர் மூக்குக்கும் அது எட்டவில்லை.

“என் வீட்டுல ஒரு கிண்ணம் குடிச்சியே” என்றான் சட்டி. “வேலையை விடலாமான்னு கேட்டேனே. அன்னிக்கும் உனக்குத் தெரியலயா?”

வாய் நிறைய உப்பு இருந்ததால் நாக்கால் பதில் சொல்ல முடியவில்லை. தெரியவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினான்.