மூச்சுவாங்கிக்குப் போகும் வழி

ஏழு தீவுகள் கொண்ட ஒரு கற்பனை நாட்டை வைத்து நாவல் எழுதியிருந்தாள் அவள். ஊர்ப்பெயர்களுக்கென்றே மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள். வீரேந்திரகோட்டை, வீரேந்திரகிரி, விஜயேந்திரகோட்டை என்று நாற்பது பெயர்கள். படித்துப் பார்த்த பதிப்பாசிரியர் போனில் ஒரே ஒரு குறைதான் சொன்னார். அந்த மூன்றையும் ஒரே ஊர் என்று நினைத்துப் பாதிப் புத்தகம் தாண்டிவிட்டாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் இவள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கிற வேலை அவளுக்கு. சமையலறை மேசையில் கிடந்த வரைபடத்தை இழுத்து, பெயர்களை வாய்விட்டுப் படித்தாள். நாலாவதிலேயே நாக்குச் சுளுக்கிக்கொண்டது.

“ஒருத்தன் காலை உடைச்சுக்கிட்டுக் கெடக்கான்னு வைங்க அண்ணி. இவ்வளவு நீளப் பேரை யாரு முழுசாச் சொல்லுவா?”

எழுதியவளுக்குச் சுருக்கென்றது. அரசர்கள் வைத்த பெயர் அப்படித்தான் இருக்கும் என்றாள். வைப்பது அரசனாக இருக்கலாம், கூப்பிடுகிறவர்கள் வேறு ஆட்கள் என்றாள் நாத்தனார். தனக்கு வரும் அழைப்புகளில் பாதிப் பேர் பெயர்ப்பலகையில் உள்ளதைச் சொல்வதே இல்லையாம். இருபது வருஷத்துக்கு முன்னால் மூடிய சோப்புக் கம்பெனியைத்தான் இன்னும் அடையாளம் சொல்கிறார்களாம்.

யோசித்துப் பார்த்தபோது சரியாகத்தான் பட்டது. வீரேந்திரகோட்டையை வேகமாகப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தார்கள். அது தேய்ந்து வீங்கோட்டை ஆனது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். செங்குத்தான மலையூருக்கு மூச்சுவாங்கி என்று பெயர் வந்தது. ஆற்றின் அக்கரையும் இக்கரையுமாக இருந்த இரண்டு குடியிருப்புகளுக்கும் சேர்த்துக் கூப்பிடுதூரம்.

மூச்சுவாங்கி என்று எழுதியதும், அவ்வளவு தூரம் ஏறி வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க அங்கே யாராவது இருக்க வேண்டுமே என்று தோன்றியது. அதுவரை கதையில் இல்லாத ஒரு கிழவர் குடத்தோடு வந்து உட்கார்ந்தார். வெடுக்கென்று பேசுகிற ஆள். மதியத்துக்குள் அவருக்கென்றே ஓர் அத்தியாயம் தேறிவிட்டது.

பதிப்பாசிரியருக்கு இந்த முறை எந்த ஊரும் குழம்பவில்லை. கிழவரைத்தான் இன்னும் கொஞ்சம் பேசவிடச் சொன்னார்.

அச்சான வரைபடம் கைக்கு வந்ததும் நாத்தனார் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூப்பிடுதூரத்தில் விரலை வைத்தாள்.

“எனக்கு இங்க ஆத்தோரமா ஒரு வீடு போதும் அண்ணி.”

எதிர்க்கரை தனக்கு என்றாள் இவள்.