வீட்டுக்கு ஒருவர்

"இடுப்பைப் பிடி அக்கா. மெதுவா."

இருவருமாக அப்பாவை ஒருக்களித்துப் புரட்டினார்கள். அவள் ஈரமான விரிப்பை உருவி எடுத்தாள். முப்பது வருடம் மின்கம்பம் ஏறிய உடம்பு, இப்போது கையில் கனக்கவே இல்லை. மூச்சு மட்டும் அறை முழுக்கக் கேட்டது.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். பத்து நிமிஷத்துல வந்துடும்," என்றான் தம்பி. அவள் விரிப்பைச் சுருட்டினாள். அவனோடு தேவைக்கு மேல் பேசி இருபத்தாறு வருடமாகிறது.

இயக்கத்துக்காரர்கள் சண்டைக்கு வீட்டுக்கு ஒருவரைக் கேட்டுத் தெருத்தெருவாக வந்த காலம் அது. அவளுக்குப் பதினேழு வயது, அவனுக்குப் பதினைந்து. அந்த வாரம் அவள் அத்தை வீட்டில் இருந்தாள். திரும்பி வந்தபோது தம்பி இல்லை. "சொல்லாமக் கொள்ளாம ஓடிப்போய்ச் சேர்ந்துட்டான்," என்றார் அப்பா. அம்மா சாப்பாட்டை நிறுத்தினாள். மறுவருடமே இறந்துபோனாள். நான்கு வருடம் கழித்து, இடது கால் இல்லாமல் அவன் வந்து நின்றபோது, "அம்மாவைத் தின்னுட்டு வந்துட்டியா?" என்று அவள் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அதன்பிறகு அவன் கூடத்தின் மூலையில் மின்விசிறிகளைப் பழுது பார்த்தபடியே காலத்தைத் தள்ளினான். செயற்கைக் காலுக்குள் போடும் உறையை அப்பாதான் தினமும் துவைத்துக் காயப்போடுவார். என்ன செல்லமோ என்று, வந்து பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வண்டி வந்துவிட்டது. சீருடையும் கனத்த பூட்ஸுமாக இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே நுழைந்தார்கள்.

அப்பாவின் கண் திறந்தது. பூட்ஸைப் பார்த்தது. இரண்டு நாளாகப் பேசாதவர், கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

"பொண்ணு இல்லீங்க. அவ அத்தை வீட்டுக்குப் போயிட்டா."

"அப்பா, ஆஸ்பத்திரிக்காரங்கப்பா," என்றாள் அவள்.

"பொண்ணை விட்டுடுங்க. பையன் உள்ள இருக்கான். அவனைக் கூட்டிட்டுப் போங்க. நானே கூப்பிடறேன்." உதட்டைக் குவித்து, தம்பியின் செல்லப்பெயரைச் சொல்லி அழைத்தார். "குட்டி... இங்க வாடா."

"வந்துட்டேம்பா," என்றான் தம்பி. கட்டிலருகே வந்து, கும்பிட்ட கைகளைப் பிரித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். "நான் போறேன். நீங்க தூங்குங்க."

வந்தவர்களில் மூத்தவர் குனிந்து நாடி பார்த்தார். சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஸ்ட்ரெச்சரை மடக்கச் சொன்னார்.

அவர்கள் போன பிறகும் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். விரிப்பு இன்னும் கையில் இருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"என்னைக் கூப்பிட்டு வாசல்ல நிறுத்தினதே அவருதானே."

"பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா நீ இந்த வீட்டுப் படி ஏறுவியா?" அவன் அப்பாவின் இமைகளை விரலால் மூடினான். "அவருக்கு நீயாச்சும் வந்து போகணும்ல."

"உனக்குக் கோவமே வரலியா?"

"வந்துச்சு," என்றான்.

அழுகைச் சத்தம் கேட்காமலே மாடிவீட்டு டீச்சர் இறங்கி வந்துவிட்டார். அப்பாவின் காலடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளைத் தனியாக இழுத்து, தம்பிக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"என்ன இருந்தாலும் பாரும்மா, ஓடிப்போன புள்ளைதான் கடைசிவரைக்கும் பாத்துது."

அவள் வாயைத் திறந்தாள்.

"அக்கா," என்றான் தம்பி, திரும்பிப் பார்க்காமலே. "அந்தச் சீப்பை எடு."

எடுத்துக் கொடுத்தாள். அவன் தண்ணீர் தொட்டு அப்பாவின் முடியைப் படிய வாரினான். தலை ஒருபக்கமாகச் சரிந்தது. அவள் கட்டிலின் மறுபக்கம் போய் உட்கார்ந்து, அவன் வகிடு எடுத்து முடிக்கும்வரை அப்பாவின் மோவாயை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.